விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

பேராக்கில் தோட்டத்து மாரியம்மன் ஆலயம் ஒன்றின் பொருளாளர், சில மாதங்களுக்கு முன்பு தமது மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கணினியைத் திறந்தால் ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறதாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்கிறதாம். அதை மூடினால் சில நாளில் மீண்டும் வருகிறதாம். அந்தக் கணினியில்தான் அவர் ஆலயத்தின் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். திருவிழா நன்கொடை, அன்னதான உபயம், கூரை மாற்றச் சேர்த்த பணம் என்று முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் அந்தக் கணக்கில் இருந்தது.

"தம்பி, இதுல பேங்க் திறக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க. போச்சுன்னா அது எங்க வீட்டுக் காசு இல்ல, சாமி காசு. தோட்டத்துல யாரு முகத்துல முழிக்கிறது?" என்றார்.

அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இதே கேள்வி இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. பிள்ளை படிவம் நான்கு படிக்கும்போது வாங்கிய மடிக்கணினி, பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் அப்பாவின் கைக்கு வந்துவிடுகிறது. அதில்தான் ஊழியர் சேமநிதிக் கணக்கு, வருமான வரி, வங்கி எல்லாம். முப்பது ஆண்டு வெளிக்காட்டு வேலை செய்து சேர்த்த சேமநிதி வங்கிக்கு வந்து விழும் நாளில், அந்தக் கணக்கைத் திறக்கும் கருவி எப்படிப்பட்டது என்பது சின்ன விஷயமல்ல.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

விண்டோஸ், மேக், லினக்ஸ், குரோம் ஓ.எஸ்., கைப்பேசியில் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். இவையெல்லாம் இயங்குதளங்கள். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணும் இயங்குதளத்தின் கையைக் கடந்துதான் போகிறது. வங்கியின் இணையத்தளம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இயங்குதளத்துக்குள் திருடன் உட்கார்ந்திருந்தால் பயனில்லை. கடவுச்சொல் வங்கிக்குப் போகும் வழியில் பூட்டப்பட்டிருக்கும், உண்மைதான். ஆனால் பூட்டு விழுவதற்கு முன்பே அவன் அதைப் படித்துவிடுகிறான்.

இது வெறும் கற்பனையல்ல. 2007-இல் கண்டறியப்பட்ட ஸியூஸ் என்னும் நச்சுநிரல் விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்து, உலாவியின் உள்ளேயே காத்திருந்தது. பயனர் உண்மையான வங்கித் தளத்துக்குத்தான் போவார். முகவரி சரியாக இருக்கும், பூட்டுப் படமும் இருக்கும். ஆனால் பக்கத்தில் வங்கி கேட்காத இரண்டு கட்டங்கள் கூடுதலாக முளைத்திருக்கும். அவற்றில் நிரப்பியதெல்லாம் திருடனுக்குப் போகும். இந்த நிரலைக் கொண்டு இயங்கிய ஒரு கும்பல் 7 கோடி அமெரிக்க டாலரைத் திருடியதாக 2010-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் பரவிய இன்னொரு நிரல், பணத்தை எடுத்த பிறகும் திரையில் பழைய இருப்புத் தொகையையே காட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் பார்த்தால் பணம் அப்படியே இருப்பதுபோல் தெரியும்.

இப்படிப்பட்டவை நுழைய ஓட்டை வேண்டும். ஓட்டை இல்லாத இயங்குதளம் உலகில் கிடையாது. கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. 'ஆதரவு' என்பது முக்கியமாக இதுதான். விண்டோஸ் 10-க்கு அது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. மறுநாள் கணினி நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும், அதனால்தான் நம்மவர்கள் பலர் கண்டுகொள்வதில்லை.

ஆபத்து எங்கே என்றால், விண்டோஸ் 11-க்கு வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று திருடர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அதே ஓட்டை பல வேளைகளில் விண்டோஸ் 10-லும் இருக்கும். அங்கே அடைப்பார் இல்லை. 2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வானாகிரை தாக்குதலை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2 மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியாகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகள் தப்பின.

ஆகவே 'எந்த இயங்குதளம் பாதுகாப்பானது?' என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, 'என் கையில் இருப்பதற்கு இந்த மாதம் திருத்தம் வந்ததா?' என்பதே. திருத்தம் நின்றுபோன விலையுயர்ந்த மேக் கணினியைவிட, திருத்தம் ஒழுங்காக வரும் மலிவுக் கணினி மேல்.

பழைய கணினியை என்ன செய்வது?

முதலில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கலாம். 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் என்பது பெரும்பாலான கணினிகளில் இருக்கும். தடுப்பது வேறு இரண்டு. ஒன்று, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. மற்றது செயலகத்தின் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. 2017-க்கு முன் வாங்கிய கணினி என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம். அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐத் திணித்துத் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள். செய்யவும் முடியும். ஆனால் அப்படித் திணித்த கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே அங்கு இல்லாமல் போகலாம்.

ஏறவில்லை என்றால் தற்காலிக வழி ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்கும் திறந்துவிட்டது. அறிவிக்கப்பட்ட காலம் 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேரும் வழி தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையேல் 30 அமெரிக்க டாலர். இது மூச்சு விடக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நம் வட்டாரத்தில் பழைய கணினி வாங்கினால், 'எல்லாம் போட்டுத் தந்துவிட்டேன், ஃபுல் செட்' என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. விண்டோஸ், ஆஃபீஸ், படம் வெட்டும் மென்பொருள் எல்லாமே திருட்டுப் பிரதி. அதை வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு அது திருட்டுப் பிரதி என்றே தெரியாது. ஆனால் அந்தப் பூட்டை உடைக்கும் நிரலை இயக்குவதற்கு முன்பு, 'ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்' என்று அதன் செய்முறையிலேயே இருக்கும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல்தான் அது. அவர் உள்ளே வந்து என்ன செய்துவிட்டுப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக் கணினியில் செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில், 'உங்கள் நிறுவனத்தின் சேவையால்' விண்டோஸ் இயக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். தோட்டத்து வீட்டுக்கு எந்த நிறுவனம் வந்து விண்டோஸ் போட்டுத் தந்தது? அப்படிப்பட்ட கணினியில் வங்கிப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

முறையான விண்டோஸ் 11 இருக்கிறவர்கள் கணினியை மாற்ற வேண்டியதில்லை. அதனுள் இருக்கும் டிஃபெண்டர் ஓர் வீட்டுக்குப் போதும். செய்ய வேண்டியது, அன்றாடக் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக்கி, நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்துக்கொள்வது. அப்போது பேரப்பிள்ளை எதையோ இறக்கி ஓட்டினாலும், கணினி முழுவதிலும் கைவைப்பதற்கு முன் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கடவுச்சொல்லைப் பேரப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

செலவில்லாத இரண்டு மாற்றுகள்

விண்டோஸ் 11 ஏறாத கணினியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. வங்கி வேலைக்கு மட்டும் என்றால் அது விண்டோஸைவிட நன்றாகவே பயன்படும்.

ஒன்று, கூகுள் இலவசமாகத் தரும் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ். குரோம்புக் கணினிகளில் இருக்கும் இயங்குதளத்தைப் பழைய கணினிகளில் போடுவதற்கான வடிவம் இது. 4 ஜி.பி. நினைவகமும் 16 ஜி.பி. சேமிப்பிடமும் போதும். வேறு ஒரு கணினியில் குரோம் உலாவியைக் கொண்டு 8 ஜி.பி. பென்டிரைவில் இதை எழுதிக்கொண்டு, பழைய கணினியில் செருகி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பழைய கணினியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகையால் கல்யாணப் படங்கள், கணக்கு ஏடுகள் எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுத்துவிடுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது ஒரு பிடிவாதக்கார இயங்குதளம். விண்டோஸில் ஓடும் நிரல்கள் இதில் ஓடா. மின்னஞ்சலில் 'ரசீதைத் திறந்து பாருங்கள்' என்று வரும் நச்சுக் கோப்பை நீங்கள் ஆசைப்பட்டு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. திருத்தங்களைத் தானே பின்னணியில் இறக்கிக்கொள்ளும், உங்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காது. கடையில் வாங்கும் உண்மையான குரோம்புக் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று அதிலுள்ள கூகுளின் பாதுகாப்புச் சில்லின் துணையோடு சோதித்துக்கொள்ளும். ஃபிளெக்ஸில் அந்தச் சில்லு இல்லை. குரோம்புக்கிலும் ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தானியங்கித் திருத்தம் முடியும் நாள் ஒன்று உண்டு. 2021 முதல் வந்தவற்றுக்கு 10 ஆண்டு, ஆனால் அந்த 10 ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதல்ல, அந்த வகை வெளிவந்த நாளிலிருந்து. மலிவாகக் கிடைக்கும் பழைய குரோம்புக்குகளுக்கு அந்த நாள் ஏற்கெனவே முடிந்திருக்கலாம்.

குரோம் ஓ.எஸ்.-இல் திருடன் நுழைய மிஞ்சியிருக்கும் முக்கியமான வழி, உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணை நிரல்கள். தள்ளுபடிக் கூப்பன், படம் இறக்கும் கருவி என்று வருபவை நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கும். வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். ஒன்றுகூட வேண்டாம்.

இரண்டாவது மாற்று லினக்ஸ் மின்ட். தோற்றத்தில் பழைய விண்டோஸ் போலவே இருப்பதால் பெரியவர்கள் பயப்பட மாட்டார்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இதைக் கணினியில் ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டலாம் என்பதுதான் வங்கி வேலைக்கு இதன் சிறப்பு. கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, திறக்கும்போது எஃப்12 அல்லது எஃப்2 அல்லது அந்தந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தினால், விண்டோஸ் எழும்பாமல் லினக்ஸ் எழும்பும். அதில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இருக்கும். வங்கி வேலையை முடித்து அணைத்தால் செய்த எல்லாமே மறைந்துவிடும். உள்ளே கிடக்கும் விண்டோஸில் எத்தனை நச்சுநிரல் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது விழிப்பதே இல்லை. இது புதிய யோசனையல்ல. ஸியூஸ் ஆட்டம் போட்ட 2009-இலேயே, வாஷிங்டன் போஸ்ட் ஏட்டில் எழுதிவந்த பிரையன் கிரெப்ஸ், இணைய வங்கிக்கு இப்படி ஒரு லினக்ஸ் வட்டிலிருந்து கணினியைத் திறக்கும்படி சிறு வணிகர்களுக்குப் பரிந்துரைத்தார்.

பென்டிரைவில் ஓடுவது எழுதிய நாளோடு உறைந்துவிட்ட ஒன்று. திருத்தங்கள் அதில் தங்கா. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு முடியாதென்றால் கணினியிலேயே முழுமையாக ஏற்றிவிடுவது நல்லது. எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் சொந்த இணையத்தளத்திலேயே திருடர்கள் புகுந்து, இறக்கும் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த பிரதியைக் கொடுத்தார்கள். மின்ட் குழுவினர் உடனே கண்டுபிடித்துத் தெரிவித்தனர். அன்று இறக்கியவர்களில், தளத்தில் தரப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது போலி என்று தெரிந்திருக்கும். லினக்ஸ் என்றாலே வைரஸ் வராது என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய மேக் ஓ.எஸ். உங்கள் கணினிக்கு வருகிறதா என்று பாருங்கள். வராமல் சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால் மேலே விண்டோஸ் 10 பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

உண்மையான சாவி இப்போது கைப்பேசியில்

இவ்வளவும் கணினியைப் பற்றிச் சொன்னேன். ஆனால் நம் நாட்டில் இன்று கணக்கைத் திறக்கும் சாவி கணினியில் இல்லை.

முன்பு குறுஞ்செய்தியில் டி.ஏ.சி. எண் வரும், அதைத் தட்டுவோம். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு இன்னும் உறுதியான முறைக்கு மாறும்படியும், ஒரு கணக்கின் ஒப்புதலுக்கு ஒரே ஒரு கருவியை மட்டும் அனுமதிக்கும்படியும் வங்கிகளைப் பணித்தது. மேபேங்கின் செக்கியூர்2யூ, சி.ஐ.எம்.பி.-யின் செக்கியூர் டாக், பப்ளிக் பேங்கின் செக்கியூர் சைன் போன்றவை இன்று அந்த வேலையைச் செய்கின்றன. கணினியில் பணம் அனுப்பினாலும், 'ஆம்' என்று அழுத்துவது கைப்பேசியில். அதாவது கணினியில் எத்தனை கவனமாக லினக்ஸ் போட்டாலும், கைப்பேசி பலவீனமாக இருந்தால் பின்கதவு திறந்தே இருக்கிறது.

குறுஞ்செய்தியை ஏன் கைவிட வேண்டியிருந்தது என்பதற்கு நம் நாட்டுக் கதையே சாட்சி. 2022 ஏப்ரலில் ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீடு துப்புரவு செய்யும் சேவை என்று முகநூலில் விளம்பரம். அழுத்தினால் அச்சு அசலான ஒரு தளம். முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்லும், கூகுள் பிளேயிலிருந்து அல்ல, அவர்கள் தரும் இணைப்பிலிருந்து. செயலியில் பணம் கட்டும் இடத்தில் 8 மலேசிய வங்கிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வங்கியைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயர், கடவுச்சொல் தட்டினால் 'தவறு' என்று வரும். அதற்குள் இரண்டும் திருடன் கையில். அதன்பின் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் அந்தச் செயலி அவனுக்கே அனுப்பிவிடும். டி.ஏ.சி. எண்ணும் அதோடு போய்விடும்.

முறை மாறினாலும் இந்த வித்தை நிற்கவில்லை. இப்போது புலனத்தில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஏ.பி.கே. கோப்பாக வருகிறது. சொந்தக்காரர் பெயரிலேயே வரும், ஏனென்றால் அவருடைய புலனம் ஏற்கெனவே திருடப்பட்டிருக்கும். நம் வீட்டில் பத்திரிகை என்றால் திறந்து பார்க்காமல் இருப்போமா? அங்கேதான் வைக்கிறார்கள் கண்ணி. உண்மையான பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். பத்திரிகை பார்க்கச் செயலி ஏற்ற வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டில் இப்படி வெளியிலிருந்து வரும் செயலியை ஏற்றுவதற்கு, தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதியை நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். அதன்பின் அது 'ஆக்சசிபிலிட்டி' என்ற அனுமதியைக் கேட்கும். பார்வைக் குறை உள்ளவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி அது. திருடன் கையில் கிடைத்தால் திரையை அவன் படிப்பான், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்துவான். செட்டிங்ஸில் தெரியாத செயலிகளுக்கான அனுமதி எதற்காவது திறந்திருக்கிறதா, குறிப்பாகப் புலனத்துக்கும் உலாவிக்கும் திறந்திருக்கிறதா என்று இன்றே பார்த்து மூடிவிடுங்கள். அண்மைய சாம்சுங் கைப்பேசிகளில் ஆட்டோ பிளாக்கர் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்துவைத்தால் வெளிச் செயலிகளை மொத்தமாக மறுத்துவிடும். ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை செய்கிறவர்கள் கவனித்திருக்கலாம். அங்கே ஓ.சி.பி.சி. வங்கி 2023 ஆகஸ்டிலேயே, ஆபத்தான அனுமதிகளோடு வெளிச் செயலி இருக்கும் கைப்பேசியில் தன் வங்கிச் செயலியைத் திறக்கவிடாமல் செய்தது. சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது.

ஐபோனில் மலேசியாவில் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றுவது சாதாரணமாக முடியாது. பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் முழுக்கவசம் அல்ல. 2024-இல் தாய்லாந்தில் பரவிய ஒரு நிரல், நிறுவனங்கள் ஊழியர்களின் கைப்பேசிகளை நிர்வகிக்கப் பயன்படுத்தும் 'புரொஃபைல்' ஒன்றை ஏற்றச் சொல்லி ஐபோனுக்குள்ளும் நுழைந்தது. யாராவது புரொஃபைல் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

புது ஐபோன் வாங்க எல்லாராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆண்ட்ராய்டிலேயே செட்டிங்ஸில் 'கைப்பேசியைப் பற்றி' என்ற இடத்தில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு முந்தியதாக இருந்தால் வங்கிச் செயலிக்கு வேறு கைப்பேசி தேடுங்கள். விலையைவிட எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்பதைக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டில் கைப்பேசி பலர் கைக்கும் போகிறது, பேரன் விளையாட்டு இறக்குகிறான் என்றால், வங்கிக்கு மட்டும் ஒரு தனிக் கைப்பேசி வைப்பதே என் விருப்பம். அதில் புலனம் வேண்டாம், முகநூல் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்.

இயங்குதளத்தால் முடியாதது

போலீஸ் என்றும், நீதிமன்றம் என்றும், சேமநிதி வாரியம் என்றும் சொல்லித் தொலைபேசியில் மிரட்டுகிறவனை எந்த இயங்குதளமும் தடுக்காது. 'உதவி செய்கிறேன், இந்தச் செயலியைப் போடுங்கள்' என்று தூரத்திலிருந்து திரையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை ஏற்றச் சொல்வான். எனிடெஸ்க் போன்றவை நல்ல மென்பொருள்தான், அதனால் வைரஸ் தடுப்பான் அதைப் பிடிக்காது. வங்கி ஒருபோதும் அதை ஏற்றச் சொல்லாது.

கைப்பேசியில் அன்றாட வரம்பைக் குறைத்து வையுங்கள். மாதம் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் அனுப்பாதவருக்குப் பத்தாயிரம் வரம்பு எதற்கு? புதியவருக்குப் பணம் அனுப்பும் முன் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் அவருடைய கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால், வங்கிகள் வைத்திருக்கும் 'கில் ஸ்விட்ச்' வசதியால் கணக்கை நீங்களே முடக்கிவிட்டு, வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கோ 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணுக்கோ உடனே அழையுங்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் போய்விடும். பிடாம் 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி தருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது வங்கி நொடித்துப்போனால் கிடைக்கும் பணம். மோசடிக்கு அல்ல.

பொருளாளர் அண்ணனின் கணினி 6-ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 ஏறாது. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, நான் பயந்தபடியே 'உங்கள் நிறுவனத்தின் சேவை' என்றது. நன்கொடைப் பட்டியலையும் ரசீதுகளையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்து, குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் போட்டோம். பழைய கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் புதிய கணினியிலிருந்து மாற்றினோம். வங்கியில் கேட்டு, அவர் பதிவு செய்யும் தொகையைச் செயலாளரும் தம் கைப்பேசியில் ஒப்புக்கொண்டால்தான் பணம் வெளியே போகும்படி கணக்கை மாற்றிக்கொண்டார்கள். ரசீது அச்சிடும் பழைய அச்சுப்பொறி மட்டும் அதோடு ஒத்துவரவில்லை. ஆலயத்தில் இப்போது ரசீதைக் கையால்தான் எழுதுகிறார்கள்.